கண்ணாடியில் தெரியும் கை

விடியுமுன் கம்பத்திலும் போடியிலும் ஜீப் ஏறி, மலைக்கு மேலே கேரளத்து ஏலக்காட்டுக்குப் போய்வருகிறவர்களுக்குக் கைதான் பிழைப்பு. பக்கவாதத்தில் ஒரு கை விழுந்தால் வீட்டார் முதலில் வாங்கித் தருவது ரப்பர் பந்து. "அமுக்கிக்கிட்டே இருங்கப்பா" என்பார்கள். பெரும்பாலும் விரல் மடங்கிவிடும், விரிப்பதுதான் கஷ்டம். பந்து, மடங்கும் விரலையே மேலும் மடக்கப் பழக்குகிறது. பந்தை எடுத்து வைத்துவிட்டு ஒரு கண்ணாடி வாங்குங்கள். நல்ல கையை அசைத்தால், அதில் தெரியும் பிம்பம் விழுந்த கையே அசைவதுபோல மூளைக்குத் தோன்றும்.

ஒரு குரங்கு தானே தீனியை எடுக்கும்போதும், வேறொருவர் எடுப்பதைப் பார்க்கும்போதும் அதன் மூளையில் ஒரே நரம்புச் செல்கள் துடிக்கின்றன. 1990-களின் தொடக்கத்தில் இத்தாலியின் பார்மா நகரில் நரம்பியல் ஆய்வாளர் ரிசோலாட்டியின் குழு கண்டது இது. அதே காலத்தில், தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி.எஸ்.ராமச்சந்திரன் கை இழந்தவர்களின் வலிக்குக் கண்ணாடியைப் பயன்படுத்தினார். 1999-ல் அது பக்கவாதத்துக்கும் வந்தது. பலன் முழுவதும் இந்தச் செல்களால்தானா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஆனால் 2018-ல் 62 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் அமைப்பு) அலசல், வழக்கமான பயிற்சியோடு சேர்த்துச் செய்தால் கை அசைவு மேம்படுகிறது என்றது. சேர்த்து என்பதை மறக்க வேண்டாம்.

கண்ணாடிக் கடையில் ஒன்றரை அடி உயரம், இரண்டடி நீளம் வெட்டி, விளிம்பைத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். ஓரத்தில் டேப் ஒட்டி, ஆடாதபடி மேசைமேல் நெஞ்சுக்கு நேர் நடுவில் நிறுத்துங்கள். முகம் தெரியும் பக்கம் நல்ல கையை நோக்கி இருக்கட்டும். விழுந்த கை பின்னால் மறைந்து, முழங்கை மேசையில் தாங்கியிருக்க வேண்டும். மோதிரம், வாட்ச், வளையல் எல்லாவற்றையும் கழற்றுங்கள். கோயில் கயிறுகூட வேண்டாம். விழுந்த கையில் இல்லாத சிவப்புக் கயிறு கண்ணாடியில் தெரிந்தால், 'இது என் கை இல்லை' என்று மூளை கண்டுபிடித்துவிடும்.

முதல் இரண்டு நிமிடம் கண்ணாடியில் தெரியும் கையைச் சும்மா பார்க்கட்டும். பிறகு நல்ல கையால் மெதுவாக விரல் விரித்து மூடுவது, மணிக்கட்டைத் தூக்குவது, உள்ளங்கையைத் திருப்புவது, கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தொடுவது. ஒவ்வொன்றும் 10 முதல் 15 தடவை. பின்னால் உள்ள கையும் அதையே செய்ய முயல வேண்டும். தினம் 30 நிமிடம், வாரம் 5 நாள், குறைந்தது 4 வாரம்.

இது கெடுவது பெரும்பாலும் கண்ணால்தான். நோயாளி கண்ணாடியை விட்டு நல்ல கையையே பார்த்துக்கொண்டிருப்பார். டிவி ஓடினால் அதுவும் போச்சு. அதனால் ஒருவர் அருகில் உட்கார்ந்து கண்ணைக் கவனியுங்கள். தலைசுற்றல், குமட்டல் வந்தால் கண்ணாடியைத் துணியால் மூடி நிறுத்துங்கள். இடப்பக்கத்தையே கவனிக்காத நோயாளிக்கு பிசியோதெரபிஸ்ட் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

மலை தாண்டி உழிச்சிலுக்கு (கேரளத்து எண்ணெய் நீவலுக்கு)ப் போகிறவர்களுக்கும் ஒன்று: தளர்ந்த தோளை இழுத்து நீவ விடாதீர்கள். அங்கே இருக்கும் நாட்களிலும் பயிற்சி நிற்கக் கூடாது.

விரல் கொஞ்சம் அசையத் தொடங்கியதும் செல்போன் போதும். வலக்கை விழுந்தவருக்கு, வலக்கையால் ஏலக்காய் பொறுக்குவதைத் தோளுக்குப் பின்னாலிருந்து, அவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வீடியோ எடுங்கள். பழகிய வேலைக்கே மூளை கூடுதலாக இசைகிறது. 6 நிமிடம் பார்க்கட்டும், அடுத்த 6 நிமிடம் தாம்பாளத்தில் காயைக் கொட்டி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து ஒவ்வொன்றாக எடுக்கட்டும். பிடி நழுவினால் எலுமிச்சம்பழத்தில் தொடங்கி, வாரா வாரம் சிறிய பொருளுக்கு வாருங்கள்.