ஏழாவது பிள்ளைக்கு யார் சோடி?

வாணி விழாவுக்கு நாலு நாள் இருக்கையில் எங்கள் கோலாட்டக்காரரில் ஒரு பிள்ளைக்குக் கொப்பளிப்பான் வந்துவிட்டது. எட்டுப் பேர் ஏழாகினர். முல்லைத்தீவின் உட்பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். மாற்று ஆளுக்கு எங்கே போவது? ஒத்திகையில் ஆறு பேர் சோடி சோடியாகத் திரும்பித் தட்டினார்கள். ஏழாவது பிள்ளை ஓங்கிய தடியோடு நின்றாள்.

"ரீச்சர், நான் ஆரோட அடிக்கிறது?"

நல்ல கேள்வி. வட்டத்தில் ஒருத்தி வலப்பக்கம் திரும்பினால், அந்தப் பக்கத்துக்காரி இடப்பக்கம் திரும்பியாக வேண்டும். அடுத்தவள் வலம், அதற்கடுத்தவள் இடம் என்று எண்ணிக்கொண்டு போனால், ஏழாமவளுக்கும் வலம் வரும். அவள் திரும்புகிற பக்கத்தில் நிற்பவளோ முதலாமவள். அவளும் வலம் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். ஒற்றைப்படை வட்டத்தில் இந்த இடறல் எங்காவது வந்தே தீரும். பயிற்சியால் போகிற பிழை அல்ல இது.

ஆனால் அடவை மாற்றலாம். எல்லாரும் நடுவைப் பார்த்து நின்று, இரண்டு கைகளையும் விரித்து, இரு பக்கத்துத் தடிகளிலும் ஒரே நேரத்தில் தட்டட்டும். இப்போது யாரும் யாரையும் தெரிவு செய்யத் தேவையில்லை. மூன்று பேருக்கும் சரி, பதினொரு பேருக்கும் சரி.

சோடி மாறித்தான் ஆட வேண்டும் என்றால் இன்னொரு வழி. ஒருத்தி முன்னால் தனியே. அவளுக்குப் பின்னால் மூன்று மூன்று பேராக இரண்டு வரிசை, எதிரெதிரே. ஒவ்வொரு அடி முடிவிலும் முன்னால் நிற்பவளும் சேர்ந்து எல்லாரும் வட்டமாக ஒரே திசையில் ஓரிடம் நகர வேண்டும். ஏழு பேருக்குள் 21 சோடிகள் உண்டு. ஒரு தரத்துக்கு மூன்று சோடி என்றால் ஏழு தரத்தில் எல்லாரும் எல்லாரோடும் ஆடிவிடுவார்கள், ஒவ்வொருத்தியும் ஒரு தரம் மட்டும் தனியே நிற்பாள். தனியே நிற்பவள் தன் இரு தடிகளையும் ஒன்றோடொன்று தட்டினால் தாளத்தில் ஓட்டை விழாது. விளையாட்டுப் போட்டிகளுக்கு அட்டவணை போடுவதும் இதே முறையில்தான்.

கும்மிக்கு இந்தச் சிக்கலே இல்லை, அவரவர் கை அவரவருக்கு. வற்றாப்பளை வைகாசிப் பொங்கலுக்குக் காவடி ஆடிப் போகிறவர்களை யாராவது சோடி எண்ணுகிறார்களா? கும்மியில் தொல்லை வேறு: ஆள் குறைந்தால் வட்டம் சுருங்கிவிடும். ஆளுக்கு ஒரு மீற்றர் என்று வைத்தால் பன்னிரண்டு பேரின் வட்டத்துக்கு ஆரை ஏறத்தாழ 1.9 மீற்றர். ஐந்து பேருக்கு 0.8 மீற்றர்தான். ஐந்து பேரும் உள்ளே குனிந்தால் தலைகள் முட்டும். அரைவட்டமாக நிறுத்திவிடுங்கள், சபைக்கும் முகம் தெரியும்.

எனக்குப் பிடித்தது பின்னல் கோலாட்டம். மேலே கட்டிய கயிறுகளைப் பிடித்தபடி பாதிப் பேர் வலமாகவும் பாதிப் பேர் இடமாகவும் நடந்து, எதிரே வருபவரை ஒரு தரம் உள்ளாலும் மறு தரம் வெளியாலும் கடப்பார்கள். எட்டுப் பேரில் ஒருவர் நாலு பேரைக் கடக்கும்போது அரை வட்டம் முடிந்திருக்கும். ஏழு பேர் என்றால், நாலு பேர் ஒரு பக்கம், மூன்று பேர் மறு பக்கம். சற்று நேரத்தில் எதிரெதிரே வரும் இருவருக்கும் "இப்போது உள்ளே" என்ற முறை வந்து, முட்டிக்கொண்டு நிற்பார்கள். ஒருத்தியைத் தாளம் போட விடுவதுதான் வழி.

அப்படியானால் ஒற்றைப்படையில் பின்னவே முடியாதா? காலையில் தலை பின்னும்போது எத்தனை கால் எடுக்கிறோம்? மூன்று! தலைப்பின்னலுக்கு இரண்டு ஓரங்கள் உண்டு. இரண்டு கால்கள் மாறும்போது மூன்றாவது ஓரத்தில் காத்திருக்கலாம். வட்டத்துக்கு ஓரம் கிடையாது, அதனால் காத்திருக்க இடமும் இல்லை.

மறுநாள் பள்ளி வேம்பின் கிளையில் மூன்று கயிறு கட்டி, மணலில் பெரிய எட்டு ஒன்று கீறினேன். மூன்று பிள்ளைகள் அந்தக் கோட்டிலேயே, ஒருத்தி பின் ஒருத்தியாக, சம இடைவெளியில் நடந்தார்கள். நடுவில் இருவர் கடக்கும்போது மூன்றாமவள் வளைவில் திரும்பிக்கொண்டிருப்பாள். ஆறு தரம் கடந்ததும் மூவரும் புறப்பட்ட இடத்திலேயே நின்றார்கள். மேலே கயிற்றில் அசல் தலைப்பின்னல். நைலோன் கயிறு வழுக்கியதால் பிறகு பழைய பருத்திச் சேலையைக் கிழித்துக் கட்டினோம். மற்ற நாலு பேரும் சோடி கட்டிக் கோலாட்டம் ஆடினார்கள். பின்னலை அவிழ்க்கப் பிள்ளைகள் அதே எட்டில் பின்பக்கமாக நடந்து வர வேண்டும். அதைப் பழக்கத்தான் மிச்ச மூன்று நாளும் போயிற்று.