மூளை அனியூரிசத்துக்கு கொயில், ஸ்டென்ட்: ஜனாதிபதி நிதியத்தில் உதவி கேட்பது எப்படி?

மூளையின் இரத்தக்குழாய்ச் சுவர் ஓரிடத்தில் மெலிந்து குமிழாகப் புடைப்பதுதான் அனியூரிசம். மண்டையைத் திறக்காமலே இதை அடைக்கலாம். தொடை அல்லது மணிக்கட்டு நாடி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, பிளாட்டினம் கம்பிச் சுருள்களைக் குமிழுக்குள் நிரப்புவார்கள். அதுதான் கொயில். குமிழின் வாய் அகலமாக இருந்தால் சுருள் வெளியே நழுவிவிடும். அப்போது சுருளை உள்ளே தாங்கி நிற்க, இரத்தக்குழாய்க்குள் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழல் ஒன்றையும் வைக்க வேண்டிவரும்.

அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. எனவே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ அம்பாறையிலோ ஸ்கேனில் குமிழ் தெரிந்தால், கொழும்பு தேசிய வைத்தியசாலைக்கு அனுப்புவார்களா என்று முதலில் கேளுங்கள். காணியை ஈடுவைக்கும் பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான். தனியாரிடம் போகத்தான் வேண்டுமென்றால் எத்தனை கொயில், ஸ்டென்ட் உண்டா என்பதையும் சேர்த்து எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். குமிழ் பெரிதென்றால் ஒரு சுருள் போதாது, செலவும் அதற்கேற்ப ஏறும்.

அந்த மதிப்பீட்டோடு போக வேண்டிய இடம் ஜனாதிபதி நிதியம். 1978ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. பெரிய சிகிச்சைகளுக்கு வருமானம் பார்த்து உதவுகிறது. 2025 பெப்ரவரி 7 முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். வாகரைக்காரரோ திருக்கோவில்காரரோ படிவத்துக்காகக் கொழும்பு பஸ் ஏற வேண்டியதில்லை. அடையாள அட்டை, விசேட வைத்திய நிபுணரின் அறிக்கை, மதிப்பீடு, கிராம உத்தியோகத்தரின் வருமான உறுதிப்படுத்தல் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்திருங்கள். முழு பில்லையும் நிதியம் கட்டிவிடும் என்று எண்ண வேண்டாம். சிகிச்சை வகைக்கு உச்சத்தொகை உண்டு, அதைக் கவுன்டரிலேயே கேளுங்கள். முக்கியமாக, சிகிச்சைக்கு முன்பே விண்ணப்பியுங்கள்.

இதெல்லாம் வெடிக்காத குமிழுக்கு. திடீரென இதுவரை அனுபவிக்காத தலையிடி, வாந்தி, கழுத்து விறைப்பு, மயக்கம் வந்தால் படிவமும் வேண்டாம், பனடோலும் வேண்டாம். உடனே 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

ஸ்டென்ட் வைத்தவர் அஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் பல மாதம் குடிக்க வேண்டும். கல்முனை, களுவாஞ்சிக்குடி போன்ற கிட்டடி வைத்தியசாலைக் கிளினிக்குக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். இடையில் நிறுத்தினால் ஸ்டென்டில் இரத்தம் உறையலாம். பல் பிடுங்கப் போனாலும் நீங்களாக மருந்தை நிறுத்தாமல், ஸ்டென்ட் வைத்த வைத்தியரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.