யுத்த காலத்தில் பதுங்குவதற்கு வளவில் வெட்டிய பங்கரை மூடிவிட்டோம் என்கிறீர்கள், எதை மூடினீர்கள்?

போன கிழமை கிளிநொச்சிப் பக்கம் இன்னொரு வீடு. கட்டி ஆறு வருசம்தான். அறைச் சுவரில் மூலைவாட்டாக வெடிப்பு, என் சுண்டுவிரல் உள்ளே போனது.

"இதிலை முந்திக் கிடங்கு ஏதும் இருந்ததோ, அம்மா?"

"பங்கர் இருந்தது தம்பி. அது மூடி எத்தினை வருசம்! மண் இறுகியிருக்கும்தானே."

இறுகாது. இந்த ஒரு வார்த்தையைச் சொல்லியே எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. நீங்கள் மூடியது குழியை அல்ல, அதன் கூரையை. பனங்குற்றி அடுக்கி, அதற்கு மேல் மண்மூட்டை போட்ட பங்கர் அது. 1990இல் யாழ்ப்பாண ரயில் நின்றபின் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும்கூடப் பல பங்கர்களுக்குக் கூரையாகின. ஊர் திரும்பியதும் குற்றியைக் கழற்றாமல் மேலே மண்ணைத் தள்ளிச் சமப்படுத்தினால் கீழே வெறும் பொந்துதான். பனையின் வைரம் வருசக்கணக்கில் தாங்கும். கறையான் தின்று முடித்த பிறகு ஒரு மாரியில் எல்லாம் இறங்கும். குற்றியைக் கழற்றியவர்களும் தேங்காய் மட்டை, வாழைத்தண்டு, குப்பை என்று போட்டே நிரப்பினார்கள். அது உக்கினால் மேலே உள்ள மண்ணும் தாழும். கொங்கிறீட்டைக் கூட்டிப் போட்டாலும் அடியில் மண் இல்லையென்றால் சுவர் வெடிக்கும்.

தயவுசெய்து அலவாங்கு எடுத்து நீங்களே குத்திப் பார்க்காதீர்கள். பங்கருக்குள் என்ன கிடக்கிறது என்று மூடியவருக்கே தெரியாது. கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது, அகற்றும் வேலையோ இன்னும் முடியவில்லை. இரும்பு தட்டுப்பட்டால் மண்வெட்டியை அப்படியே விட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு விலகுங்கள், பொலிசுக்குச் சொல்லுங்கள். பழைய இரும்பு விலைக்கு ஆசைப்பட்டுத் தண்டவாளத்தை இழுக்கவே வேண்டாம்.

இடம் பாதுகாப்பானது என்று அவர்கள் சொன்ன பிறகு குற்றி, மூட்டை எல்லாவற்றையும் எடுத்து, அசல் மண் தெரியும்வரை துப்புரவாக்கி, கிரவலை ஆறு அங்குலப் படையாகப் போட்டு, தண்ணீர் விட்டு இடியுங்கள். வளவில் இடமிருந்தால் புது வீட்டையே அந்த இடத்திலிருந்து தள்ளிக் கட்டுங்கள், அதுதான் மலிவு.

அந்தக் குழியை நினைக்க உங்களுக்குப் பிடிக்காது, தெரியும். அந்த அம்மாவும் அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. ஆனால் அத்திவாரம் வெட்டுமுன் கட்டட வேலை தெரிந்த எங்களில் ஒருவரைக் கூப்பிட்டு, பங்கர் இருந்தது எந்த மாமரத்தடி, குசினிக்கு எந்தப் பக்கம் என்று கையை நீட்டிக் காட்டுங்கள். அதற்கு மேல் நாங்கள் ஒன்றும் கேட்கமாட்டோம்.