தலைவர் மாட்டிக்கிட்டா தொண்டர் மூளைக்குள்ள என்ன நடக்குது?

வாசகர் தம்பி ஒருத்தர் கேட்டிருக்கார்: "சார், பக்கத்து வீட்டுக்காரன் ஐநூறு ரூபா வாங்கிட்டு திருப்பித் தரலைன்னா ஜென்மத்துக்கும் மூஞ்சில முழிக்க மாட்டோம், ஆனா கோடிக்கணக்குல கேஸ் இருக்கற தலைவர் கட்அவுட்டுக்கு பால் ஊத்தறோம், இது எப்படி சார்? தலைவனுக்கு ஒழுக்கம் வேணுமா, வேணாமா?"

தம்பி, இது ரெண்டு கேள்வி. முதல் கேள்விக்கு மூளை ஸ்கேன் மெஷின்லயும், ரெண்டாவதுக்கு நியூயார்க் பார்க்கிங்லயும் ஓரளவு நல்ல பதில் கிடைக்குது.

ஆரம்பம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், வேகமா சொல்லிட்டுப் போயிடறேன். ஒரு மனுஷன்கிட்ட ஒரு நல்ல விஷயம் பிடிச்சுப்போனா மத்ததும் நல்லாத்தான் இருக்கும்னு நாமளே நிரப்பிக்கறோம். தார்ன்டைக்ங்கற உளவியல்காரர் 1920லயே, ராணுவ அதிகாரிங்க தங்களுக்குக் கீழ இருக்கறவங்களுக்குப் போட்ட மார்க்க வச்சு இத காட்டிட்டார். உடம்பு நல்லா இருக்கறவனுக்கு புத்தி, குணம், தலைமைப் பண்பு எல்லாத்துலயும் சேர்த்து மார்க். அப்புறம் 2009ல ஸ்விட்சர்லாந்துல இன்னொரு வேடிக்கையான ஆராய்ச்சி. பிரெஞ்சு நாடாளுமன்றத் தேர்தல்ல ஜெயிச்சவர், தோத்தவர் போட்டோவ ஜோடி ஜோடியா 5லருந்து 13 வயசு வரைக்கும் உள்ள பசங்ககிட்ட காட்டி "நீ கப்பல்ல போறே, இதுல யாரு கேப்டனா இருக்கணும்?"னு கேட்டாங்க. பசங்களுக்கு அரசியலும் தெரியாது, ஆளுங்களும் தெரியாது. இருந்தும் 71 சதவீதம் தடவ ஜெயிச்ச ஆளையே காட்டினாங்க. (நம்ம ஊர் ஓட்டு மெஷின்ல 2015 மே மாசத்துலருந்து வேட்பாளர் போட்டோ ஒட்டறாங்க, ஒரே பேர்ல நாலஞ்சு சுயேச்சைய நிறுத்திக் குழப்பறத தடுக்க. நல்ல ஏற்பாடுதான், ஆனா கூடவே மூஞ்சியும் ஓட்டு வாங்குமேன்னு ஒரு உறுத்தல் எனக்கு உண்டு.)

சரி, மூஞ்சி பாத்து பிடிச்சுப்போச்சு. தப்பு பண்ணி மாட்டினப்பறமும் ஏன் பிடிக்குது? எனக்கு இந்தப் பாடத்துலயே ரொம்பப் பிடிச்ச ஆராய்ச்சி இங்கதான் வருது.

2004, அமெரிக்க அதிபர் தேர்தல், புஷ்ஷுக்கும் கெர்ரிக்கும் போட்டி. அட்லாண்டாவுல இருக்கற எமரி பல்கலைக்கழகத்துல டிரூ வெஸ்டன்னு ஒரு உளவியல் பேராசிரியர், ரெண்டு கட்சிலயும் ஊறிப்போன ஆம்பளைங்களா பாத்து பக்கத்துக்கு 15 பேர், மொத்தம் 30 பேர எம்ஆர்ஐ மெஷின்ல படுக்க வச்சார். கண்ணு முன்னாடி ஸ்லைடு ஓடும். முதல் ஸ்லைடுல, கணக்குல மோசடி பண்ணி திவாலான என்ரான்ங்கற அமெரிக்க கம்பெனியோட தலைவர ஆஹா ஓஹோன்னு புகழ்ந்து புஷ் பேசின மாதிரி ஒரு வாசகம். அடுத்த ஸ்லைடுல, அதே புஷ் இப்ப அந்த ஆள் பேரையே எடுக்கறதில்ல, என்ரான்னு கேட்டா திட்டறார்னு வரும். "இது முரண்பாடா இல்லையா, யோசிங்க"ன்னு அடுத்தது, ஒண்ணுலருந்து நாலு வரைக்கும் மார்க் போடணும். கெர்ரிக்கும் இதே மாதிரி, நடுவுல எந்தக் கட்சிச் சாயமும் இல்லாதவங்களுக்கும் இதே மாதிரி, நடிகர் டாம் ஹாங்ஸ்கூட அந்த லிஸ்ட்ல உண்டு.

மார்க் எப்படி வந்திருக்கும்னு நீங்களே ஊகிச்சிருப்பீங்க. எதிர்க்கட்சி ஆள் பேச்சு மாத்தினா ரெண்டு கோஷ்டியும் "டக்"னு பிடிச்சிடுச்சு, தன் ஆளுன்னு வரும்போது "பெருசா ஒண்ணும் முரண்பாடு தெரியலையே"ன்னு ஆயிடுச்சு. பரீட்சைல பக்கத்து வீட்டுப் பையன் ஃபெயிலானா "அவன் எங்க படிச்சான்"ம்போம், நம்ம புள்ள ஃபெயிலானா "இந்தத் தடவ பேப்பர் கஷ்டமாம்"ங்கறோம்ல, அதேதான்.

ஆனா மூளைப் படம்தான் விஷயமே. தன் தலைவரோட முரண்பாட்டப் படிச்சிட்டு "யோசிச்சிட்டு" இருக்கும்போது, நிதானமா தர்க்கம் பண்ற வேலைல வழக்கமா சூடு பிடிக்கற நெத்திக்குப் பின்னாடி பக்கவாட்டுப் பகுதி இருக்கு பாருங்க, அதுல குறிப்பிட்டுச் சொல்ற மாதிரி எந்த ஏத்தமும் தெரியல. உணர்ச்சி, சங்கடம், மனப்போராட்டம் சம்பந்தப்பட்ட பகுதிங்கதான் சுறுசுறுப்பாச்சு. அதாவது அந்த ஆளுக்கு முரண்பாடு தெரியாம இல்ல, எங்கயோ உறைக்குது, உறைச்சதுனாலதான் அந்த அவஸ்தை. அப்புறம் எப்படியோ ஒரு சமாதானத்துக்கு வந்து சேந்தாங்க பாருங்க, உடனே அந்த சங்கட விளக்கெல்லாம் தணிஞ்சு, மூளையோட பரிசு மையம், வென்ட்ரல் ஸ்ட்ரையாட்டம்னு பேரு, நல்ல சாப்பாட்டுக்கும் போதைப் பொருளுக்கும் துள்ளற அதே ஏரியா, அது துள்ளிச்சு! தலைவரக் காப்பாத்தி முடிச்சதுக்கு மூளை தனக்குத்தானே ஒரு மிட்டாய் குடுத்துக்குது. அப்ப ஒவ்வொரு தடவ தலைவர் மாட்டும்போதும், அவருக்காக வாதாடி ஜெயிக்கற தொண்டனுக்கு பிடிப்பு விட்டுப் போறதுக்குப் பதிலா இன்னும் இறுகுது. இத முதல்ல படிச்சப்ப ராத்திரி ரொம்ப நேரம் தூக்கம் வரல எனக்கு.

30 பேர், அதுவும் ஆம்பளைங்க மட்டும், ஸ்கேன்ல ஒரு இடம் மின்னினா இன்ன உணர்ச்சிதான்னு அடிச்சுச் சொல்லவும் முடியாது, இதெல்லாம் நியாயமான ஆட்சேபணைதான். ஆனா வெளி உலகமும் இதே கதையத்தான் சொல்லுது. 1998 டிசம்பர்ல, மோனிகா லெவின்ஸ்கிங்கற பெண்ணோட இருந்த ரகசியத் தொடர்பு விவகாரத்துல அமெரிக்க அதிபர் கிளின்டன் மேல பிரதிநிதிகள் சபைல பதவிநீக்கத் தீர்மானம் நிறைவேறின கையோட கேலப்ங்கற கருத்துக்கணிப்பு நிறுவனம் எடுத்த கணிப்புல அவருக்கு ஆதரவு 73 சதவீதத்துக்கு ஏறிச்சு. அப்ப ஒழுக்கம் ஒழுக்கம்னு கொதிச்சவங்கள்ல வெள்ளையின எவாஞ்சலிக்கல் கிறிஸ்தவங்க, அதாவது பைபிளே எல்லாம்னு பிடிப்பா இருக்கற புராட்டஸ்டன்ட் பிரிவினர், முக்கியம். "சொந்த வாழ்க்கைல ஒழுக்கம் தவறினவர் பொதுப் பதவில நேர்மையா இருக்க முடியுமா?"ன்னு அவங்ககிட்ட 2011ல கேட்டப்ப 30 சதவீதம் பேர்தான் முடியும்னாங்க. 2016ல அதே கேள்விக்கு 72 சதவீதம். அஞ்சு வருஷத்துல பைபிள் மாறல, வேட்பாளர் மாறிட்டார், டிரம்ப். நம்ம டீக்கடைல இத ஒரே வரில முடிச்சிடுவாங்க: "சாப்பிட்டாரு, ஆனா செஞ்சாருல்ல!" ஒழுக்கத்த ஒரு டப்பாவுலயும் திறமைய இன்னொரு டப்பாவுலயும் தனித்தனியா மூடி வச்சுக்கறது. குத்தத்த "குத்தமே இல்ல"ன்னு நியாயப்படுத்தறதவிட இது சுலபம், மனசாட்சியும் ரொம்ப உறுத்தாது.

இப்ப ரெண்டாவது கேள்வி. நியூயார்க்ல ஐநா சபைத் தூதர்களுக்கு பார்க்கிங் அபராதத்துலருந்து சட்டப் பாதுகாப்பு இருந்துச்சு, டிக்கெட் குடுத்தாலும் கட்ட வேண்டாம். 1997 நவம்பர்லருந்து 2002 முடிய கட்டாத டிக்கெட் ஒன்றரை லட்சத்துக்கு மேல. ஃபிஸ்மன், மிகேல்னு ரெண்டு பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் இத நாடு வாரியா பிரிச்சுப் பாத்தாங்க. ஊழல் அதிகம்னு பேரெடுத்த நாட்டுத் தூதர்கள்தான் பொதுவா கண்ட இடத்துல வண்டிய நிறுத்திட்டுப் போயிருக்காங்க, ஸ்வீடன், நார்வேக்காரங்க பேர்ல ஒரு கட்டாத டிக்கெட்கூட கிடையாது. அத்தனை பேருக்கும் அதே ரோடு, அதே சலுகை, தண்டனை யாருக்குமே இல்ல. அப்ப கேக்க ஆளில்லாத இடத்துல உள்ளுக்குள்ள இருக்கற ஒழுக்கம் நிஜமாவே வேலை செய்யுது தம்பி, அதனால தலைவனுக்கு அது வேணும்.

ஆனா 2002 அக்டோபர்ல, அபராதம் கட்டாதவங்க வண்டியோட தூதரக நம்பர் பிளேட்டையே கழட்டிக்கற அதிகாரம் நகரத்துக்கு வந்துச்சு. மீறல் கிட்டத்தட்ட 98 சதவீதம் விழுந்துடுச்சு. ஊழல் நாட்டுக்காரர், யோக்கிய நாட்டுக்காரர் எல்லாரும் ஒழுங்கா கோட்டுக்குள்ள நிறுத்தினாங்க. தலைவர் நெஞ்சத் தொறந்து பாத்து ஒழுக்கம் அளக்க நமக்கு மெஷின் இல்ல, பிளேட்ட கழட்ட ஸ்க்ரூடிரைவர் இருக்கு. கணக்குத் தணிக்கை, தகவல் உரிமைச் சட்டம், கோர்ட்டு, இதெல்லாம்தான் அந்த ஸ்க்ரூடிரைவர். தலைவர் ஜெயிக்கணும்னு மண் சோறு சாப்பிடறதும், அலகு குத்திக்கறதும் என்னைக் கேட்டா வீணான வலி, அந்த நேரத்துல வார்டு ரோட்டுக்கு எவ்வளவு செலவு ஆச்சுன்னு ஒரு மனு போடலாம்.

கடைசியா ஒரு ஆதங்கம். நான் மேல சொன்ன ஆராய்ச்சி எல்லாமே வெளிநாட்டுச் சரக்கு. ஸ்கேன் சென்டர் இல்லாத டவுன் இல்ல இப்ப, தொண்டர் பஞ்சமும் நமக்கு இல்ல, ஆனா அரசியல் உளவியல்னு திட்டம் எழுதிக்கிட்டு போனா காசு குடுக்கறவங்க முகம் சுருங்கிடும், ராக்கெட்டுன்னா மட்டும் மலரும். எனக்குப் பெரிய மெஷின்கூட வேணாம், எல்லாக் கட்சித் தலைவரும் மாத்தி மாத்திப் பேசினத அச்சடிச்சு, பாதிப் பேருக்கு பேரோட, மீதிப் பேருக்கு பேர மறைச்சுக் குடுத்து மார்க் போடச் சொன்னா போதும். செலவு, ஜெராக்ஸும் டீயும்தான். யாராவது காலேஜ் பசங்க பண்ணிப் பாருங்கப்பா, ரிசல்ட்ட எனக்கும் அனுப்புங்க.