வயலட் பியர்ஸி ஓடுன தூரம் எவ்ளோ? கோர்ஸ் அளக்குறவனோட ஒரு வேண்டுகோள்

ரோட் ரேஸ் கோர்ஸ், அதாவது ஓடுற பாதையோட தூரம், அளக்குறதுதான் என் வேலை. ஒவ்வொரு ரேஸ் முடிஞ்சதும் வாட்ஸ்அப்ல ஸ்க்ரீன்ஷாட் வந்து குவியும், "சார் என் வாட்ச்ல 42.6 காட்டுது, 400 மீட்டர் எக்ஸ்ட்ரா ஓட விட்டுட்டீங்க"ன்னு. அதுக்கெல்லாம் பொறுமையா பதில் சொல்லிடுவேன். ஆனா போன வாரம் ஒரு பொண்ணு போன் பண்ணி அழுதாங்க. ரெண்டு வருஷமா உயிரைக் குடுத்து ட்ரெயினிங் பண்ணி, பாஸ்டன் மாரத்தானுக்கு குவாலிஃபை ஆகுற டைம் ஓடிட்டாங்க, அப்ளை பண்ண உக்காரும்போதுதான் தெரியுது அந்தக் கோர்ஸுக்கு சரியா அளந்ததுன்னு சர்டிஃபிகேட்டே இல்ல, யாரோ பைக்ல போய் மீட்டர் பாத்து போர்டு நட்டிருக்காங்க. இந்த மாதிரி கேஸ் நிறைய பாத்துட்டேன், இதுக்கு மேல சும்மா இருக்க முடியல.

1926-ல லண்டன்ல ஒரு பொண்ணுக்கு நடந்ததும் கிட்டத்தட்ட இதேதான். பேரு வயலட் பியர்ஸி. அக்டோபர் 3-ம் தேதி, 3 மணி 40 நிமிஷம் 22 செகண்ட். பெண்கள் மாரத்தான்ல முதல் உலக சாதனைன்னு உலக தடகள அமைப்பான வேர்ல்ட் அத்லெடிக்ஸ் இன்னிக்கும் அதைத்தான் லிஸ்ட்ல மேல வெச்சிருக்கு. வின்ட்ஸர்ல இருந்து லண்டன் வர்ற பாலிடெக்னிக் மாரத்தான் ரூட்ல பியர்ஸி ஓடினாங்கன்னு அந்த அமைப்போட கணக்கு. ஆனா ரோட் ரேஸ் புள்ளிவிவரம் சேக்குற இன்னொரு அமைப்பு, ஏஆர்ஆர்எஸ், அது மாரத்தானே இல்ல, தனியா ஓடுன 35.4 கிலோமீட்டர்னு சொல்லுது.

வித்தியாசம் எவ்ளோன்னு பாருங்க. முழு மாரத்தான் தூரமான 42.195 கிலோமீட்டர்னா அவங்க பேஸ் கிலோமீட்டருக்கு 5 நிமிஷம் 13 செகண்ட். 35.4-ன்னா 6 நிமிஷம் 13 செகண்ட். கிலோமீட்டருக்கு ஒரு முழு நிமிஷம்! அந்த 6:13 பேஸ்லயே முழு மாரத்தானும் போயிருந்தா 4 மணி 22 நிமிஷம் ஆகியிருக்கும். ரெண்டும் பெரிய ஓட்டம்தான், அந்தக் காலத்துல ஒரு பொண்ணு ரோட்ல இறங்கி அவ்ளோ தூரம் ஓடுறதே பெருசு. ஆனா எந்த ஓட்டம் நடந்துச்சுன்னு கிட்டத்தட்ட நூறு வருஷம் கழிச்சும் அடிச்சு சொல்ல முடியல பாருங்க, எனக்கு வயித்தெரிச்சலே அதான்.

இதைப் படிச்சிட்டு "அப்போ ஏமாத்திட்டாங்களா"ன்னு கேக்குறவங்க இருக்காங்க. தயவுசெஞ்சு அப்படிக் கேக்காதீங்க. ஓடுறவங்க வேலை ஓடுறது. தூரத்துக்குப் பொறுப்பு ரேஸ் நடத்துறவங்க. பெண்களுக்கு மாரத்தான் ரேஸே இல்லாத காலம் அது, ரெண்டு வருஷம் கழிச்சு 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்ஸ்ல 800 மீட்டர் ஓடுன பெண்கள் சுருண்டு விழுந்துட்டாங்கன்னு பேப்பர்ல ஊதிப் பெருசாக்கி, 1960 வரைக்கும் அந்தப் போட்டியவே தூக்கிட்டாங்க. 800 மீட்டருக்கே அந்தக் கதின்னா மாரத்தானுக்கு யாரு டேப்பை எடுத்துட்டு வந்து நிக்கப் போறாங்க?

அந்த சாதனை லிஸ்ட்ல அடுத்த பேரு வர 37 வருஷம் ஆச்சு. 1963 டிசம்பர்ல அமெரிக்காவுல கல்வர் சிட்டில மெர்ரி லெப்பர் 3:37:07 ஓடினாங்க, அந்தக் கோர்ஸ் தூரம் குறைவுன்னு அதுலயும் சர்ச்சை. 1964-ல நியூசிலாந்தோட மில்லி சாம்ப்ஸன் 3:19:33, அது ரேஸ் இல்ல, டைம் பாக்குறதுக்காக மட்டும் ஓடுன டைம் ட்ரையல்னு ஏஆர்ஆர்எஸ் சேக்கல. 1971-ல ஆஸ்திரேலியால ஏட்ரியன் பீம்ஸ் 2:46:30, அதுவும் டைம் ட்ரையல்னு சர்ச்சை. ரேஸ்ல சேத்துக்க மாட்டோம்னு சொன்னா தனியாத்தான் ஓடணும், தனியா ஓடுனா ரேஸ் இல்லன்னு சொல்லுவாங்க. எங்க போவாங்க அவங்க?

சரி, இப்ப வாட்ச் விஷயத்துக்கு வரேன், ஏன்னா இதுலதான் எல்லாரும் தப்பா நிக்குறாங்க. உங்க ஜிபிஎஸ் வாட்ச் ரோட்டை அளக்கல. நீங்க எங்க இருக்கீங்கன்னு சாட்டிலைட் சிக்னலை வெச்சு அடிக்கடி ஒரு புள்ளி வைக்குது, அந்தப் புள்ளி நிஜமான இடத்துல இருந்து கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம்னு விலகும், அப்புறம் அந்தப் புள்ளியெல்லாம் கோடு போட்டு சேத்து கூட்டிச் சொல்லுது. நேர் ரோட்ல நீங்க நேரா ஓடுனாலும் கோடு கோணல்மாணலா வரும், கோணல் கோடு எப்பவும் நேர் கோட்டை விட நீளம்தானே. உசரமான பில்டிங் நடுவுல, பாலத்துக்கு அடில, மரம் அடர்ந்த ரோட்ல இன்னும் மோசம். அதுக்கு மேல நீங்க வளைவுல வெளிப்பக்கமா ஓடுறீங்க, தண்ணி டேபிளுக்கு ஒதுங்குறீங்க, முன்னாடி போறவரை சுத்தித் தாண்டுறீங்க, அதெல்லாம் நீங்க நிஜமாவே ஓடுன எக்ஸ்ட்ரா தூரம், கோர்ஸோட தூரம் இல்ல. அதனால நல்லா அளந்த மாரத்தான்ல வாட்ச் 42.5, 42.6 காட்டுறது சாதாரணம். வாட்ச் கரெக்டா 42.195 காட்டுச்சுன்னாதான் எனக்கு லேசா சந்தேகமே வரும்.

நாங்க அளக்குறது சைக்கிள்ல. முன் வீல்ல ஜோன்ஸ் கவுண்டர்னு ஒண்ணு மாட்டுவோம், 1971-ல வந்த ஐடியா, வீல் சுத்தச் சுத்த நம்பர் ஏறும், ஒரு நம்பருக்கு பத்து சென்டிமீட்டர் கிட்ட. முதல்ல ஒரு நேர் ரோட்ல ஸ்டீல் டேப் போட்டு இழுத்து 300 மீட்டர் குறிச்சு, ரெண்டு முனையிலயும் ஆணி அடிச்சு, அதுல நாலு தடவை ஓட்டிப் பாத்து கிலோமீட்டருக்கு எத்தனை நம்பர்னு கணக்கு எடுப்போம். அப்புறம் கோர்ஸ், விடிகாலைல, ஓரக்கல்லுல இருந்து 30 சென்டிமீட்டர் விட்டு, ஒரு ரன்னர் போகக்கூடிய ஆகக் குறைஞ்ச பாதைல. முடிச்சிட்டு வந்து அதே 300 மீட்டர்ல மறுபடியும் நாலு தடவை, ஏன்னா வெயில் ஏறினா டயர்ல காத்து விரிஞ்சு நம்பர் மாறும். இவ்ளோத்துக்கும் மேல கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சேத்து வைப்போம், மாரத்தானுக்கு 42 மீட்டர், எந்தக் காரணத்துக்காகவும் குறைஞ்சிடக் கூடாதுன்னு.

குறைஞ்சா என்ன ஆகும்? 1981 நியூயார்க் மாரத்தான்ல நியூசிலாந்தோட ஆலிசன் ரோ 2:25:29, உலக சாதனைன்னு அறிவிச்சாங்க. முந்துன வருஷம் அதே ஊர்ல கிரேட்டே வைட்ஸ் வெச்ச டைமை விட வெறும் 13 செகண்ட் கம்மி. பின்னாடி திரும்ப அளந்தா கோர்ஸ் சுமார் 150 மீட்டர் குறைவு. ரோவோட பேஸ்ல 150 மீட்டர்னா அரை நிமிஷம், சாதனை போச்சு. அதே நாள் ஆண்கள்ல ஆல்பெர்ட்டோ சலாசர் ஓடுன 2:08:13-ம் போச்சு. ரெண்டு பேருமே கோடு போட்ட இடத்துலதான் ஓடினாங்க.

அதனால ஓடுறவங்களுக்கு: பணம் கட்டுறதுக்கு முன்னாடி சர்டிஃபிகேட் இருக்கான்னு கேளுங்க. "ஏஐஎம்எஸ் (மாரத்தான் நடத்துறவங்களோட சர்வதேச சங்கம்), வேர்ல்ட் அத்லெடிக்ஸ் எல்லாம் ஓகே"ன்னு வாயால சொன்னா பத்தாது, சர்டிஃபிகேட் நம்பர், தேதி, மேப் மூணும் கேளுங்க. மேப்ல இருக்குற திருப்பமும் ரேஸ் அன்னிக்கு வெச்ச கோனும் ஒரே இடமான்னு பாருங்க, ரூட்டை மாத்திட்டா பழைய சர்டிஃபிகேட் செல்லாது. வளைவுல உள்பக்கமா ஓடுங்கம்மா, அது திருட்டு இல்ல, நாங்க அளந்ததே அந்தக் கோடுதான்.

ரேஸ் நடத்துறவங்களுக்கு: டீ-ஷர்ட்டுக்கும் மெடலுக்கும் செலவு பண்றீங்க, டிஜே-க்கு செலவு பண்றீங்க, அளக்குறதுக்கு மட்டும் கூகுள் மேப்பா? கார் மீட்டரா? வேணாங்க. யூ-டர்ன்ல கோன் தள்ளிப் போகாம பாத்துக்க ஒரு ஆளை அங்கயே நிறுத்துங்க, பத்து மீட்டர் முன்னாடி வந்தா போகவும் வரவும் சேத்து இருபது மீட்டர் போச்சு. ஸ்டார்ட், ஃபினிஷ், யூ-டர்ன் மூணு இடத்துலயும் ரோட்ல ஆணி அடிச்சு, பக்கத்து லைட் கம்பத்துல இருந்து எத்தனை மீட்டர்னு எழுதி, ரேஸ் முடிஞ்சப்புறமும் அந்தப் பேப்பரைப் பத்திரமா வைங்க. அப்பதான் நாளைக்கு உங்க ரேஸ்ல ஒரு பொண்ணு பெரிய டைம் ஓடிட்டு, யாராவது சந்தேகப்பட்டா, டேப்பையும் சைக்கிளையும் எடுத்துட்டுப் போய் நாங்க திரும்ப அளந்து காட்ட முடியும்.