‘தங்க மூட்டு’ வைத்துக்கொள்ளலாமா?

கடலூர், பண்ருட்டி, புதுச்சேரி பக்கமிருந்து முழங்கால் தேய்மானத்துக்கு ஆபரேஷன் செய்துகொள்ள வருபவர்கள் பலர் கையில் ஒரு விளம்பரத் தாள் இருக்கிறது. “தங்க மூட்டு 30 வருஷம் வருமாமே டாக்டர்?” என்று கேட்கிறார்கள். கடன் வாங்கியாவது விலை கூடிய மூட்டை அம்மாவுக்கு வைத்துவிட வேண்டும் என்று பிள்ளைகள் துடிக்கிறார்கள். அந்தக் கூடுதல் பணத்தால் உண்மையில் என்ன கிடைக்கிறது என்பதை அவர்களுக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

மூட்டு மாற்று என்றால் முழங்காலையே வெட்டி எடுத்துவிடுவதில்லை. தொடை எலும்பின் கீழ்நுனியிலும் கால் எலும்பின் மேல்நுனியிலும் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் சீவி, அந்த இடத்தில் உறை மாட்டுகிறோம். தொடைப் பக்கம் கோபால்ட்-குரோமியம் உலோகம். கீழே டைட்டானியம் அல்லது அதே கோபால்ட்-குரோமியத்தில் ஒரு தட்டு. இரண்டுக்கும் நடுவே பாலிஎத்திலீன் துண்டு. உராய்ந்து தேய்வது பெரும்பாலும் இந்த பிளாஸ்டிக்தான்.

தங்க மூட்டில் தங்கம் துளியும் கிடையாது. டைட்டானியம் நைட்ரைடு வகைப் பூச்சின் நிறம் அது. கனம் சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). நிக்கல், கோபால்ட் போன்றவை உடம்பில் கசிவதைக் குறைப்பதுதான் அதன் வேலை. உலோக ஒவ்வாமை உறுதியாக இருப்பவர்களுக்கு அதைத் தேர்ந்தெடுப்பது நியாயம். கவரிங் நகை போட்டால் தோல் தடிக்கும் என்றால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்; ஆனால் தோல் அரித்தால் மூட்டும் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவிட முடியாது. மற்றவர்களுக்கு இந்தப் பூச்சினால் மூட்டு கூடுதல் காலம் உழைக்கும் என்பது இன்னும் நிரூபிக்கப்படவில்லை.

‘30 வருஷம்’ என்பது ஆய்வகக் கணக்கு. மூட்டை ஒரு கருவியில் பொருத்திக் கோடிக்கணக்கான முறை மடக்கி நீட்டி, பிளாஸ்டிக் எவ்வளவு தேய்கிறது என்று அளக்கிறார்கள். கிருமித்தொற்று, மூட்டை எலும்போடு பிடித்துவைக்கும் சிமெண்டின் தளர்வு, மூட்டு ஆட்டம் ஆகியவற்றை அந்தக் கருவி சோதிப்பதில்லை. முதல் சில ஆண்டுகளிலேயே மறு ஆபரேஷனுக்கு இழுத்துவிடுபவை இவைதான். மறுபக்கம், ஆஸ்திரேலியா, பின்லாந்து நாடுகளின் மூட்டு மாற்றுப் பதிவேடுகளை வைத்து 2019இல் வெளியான ஆய்வின்படி, முழு மூட்டு மாற்றுகளில் சுமார் 82 சதவீதம் 25 ஆண்டுக்குப் பிறகும் மாற்றப்படாமல் நீடிக்கின்றன. அவை கால் நூற்றாண்டுக்கு முன் வைத்த சாதாரண மூட்டுகள். இன்றைய மேம்பட்ட பிளாஸ்டிக் அவற்றில் பெரும்பாலும் இருந்திருக்காது.

வடிவத்தில் முக்கியமான பிரிவு சி.ஆர்., பி.எஸ். என்ற இரண்டு. முழங்காலின் பின்புறச் சிலுவைத் தசைநாரை அப்படியே விட்டுவைப்பது சி.ஆர். அதை எடுத்துவிட்டு, பிளாஸ்டிக்கில் நிற்கும் ஒரு முளையும் தொடை உறையில் உள்ள குறுக்குத் தண்டும் சேர்ந்து அந்த வேலையைச் செய்வது பி.எஸ். இந்த முளைக்கு இடம்விட, தொடை எலும்பின் நடுவில் பெட்டி வடிவில் கொஞ்சம் கூடுதலாக எலும்பை எடுக்க வேண்டும். எலும்பு சிறுத்து மெலிந்த வயதான பெண்களுக்கு அங்கே விரிசல் விடும் ஆபத்து உண்டு. பழைய பி.எஸ். வடிவங்களில் முட்டிச்சில்லுக்கு மேலே நார்க்கட்டி வளர்ந்து, காலை நீட்டும்போது ‘டக்’கென்று தட்டும் தொந்தரவும் இருந்தது. ஆனால் கால் மிகவும் வளைந்தவர்கள், முட்டி நீட்ட முடியாமல் மடங்கியே நிற்பவர்கள், முடக்குவாதக்காரர்கள் ஆகியோரிடம் அந்தத் தசைநாரை நம்ப முடியாது, அவர்களுக்கு பி.எஸ்.தான் எங்கள் தேர்வு. தசைநார் உறுதியாக உள்ளவர்களுக்கு, நீண்ட கால முடிவில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை.

பிளாஸ்டிக் துண்டு தட்டின்மேல் சுழலும் வகையும் இருக்கிறது. நிலையான வகையைவிட அது கூடுதல் காலம் நீடிப்பதாகப் பதிவேடுகள் காட்டவில்லை. தசைநார் தளர்வாக இருந்தால் துண்டு இடம் நழுவிவிடவும் கூடும்.

நம் ஊருக்கு முக்கியமானது ‘ஹை-ஃபிளெக்ஸ்’, அதாவது கூடுதலாக மடங்கும் என்று சொல்லப்படும் வடிவம். மீன் அங்காடியில் குத்த வைத்து உட்காருபவர்கள், பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைப்பவர்கள், தரையில் சம்மணம் போட்டே பழகியவர்கள் எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். நடக்க ஏறத்தாழ 70 டிகிரி மடங்கினால் போதும். படியேறவும் நாற்காலியிலிருந்து எழவும் 90 முதல் 105 வரை. குத்த வைக்க 130க்கு மேல் வேண்டும். சாதாரண மூட்டில் 110 முதல் 120 வரை கிடைக்கிறது. ஹை-ஃபிளெக்ஸ் வைத்தால் அது கணிசமாகக் கூடும் என்பதை ஒப்பீட்டு ஆய்வுகள் உறுதிசெய்யவில்லை. ஆபரேஷனுக்கு முன் எவ்வளவு மடங்கியது என்பதுதான் பின்னால் எவ்வளவு மடங்கும் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது. இவற்றில் சில வடிவங்களுக்குத் தொடை எலும்பின் பின்பக்கம் சுமார் 2 மில்லிமீட்டர் கூடுதலாகச் சீவ வேண்டும். அப்படிப்பட்ட ஒரு வடிவத்தை வைத்துக்கொண்டு அடிக்கடி குத்த வைத்தவர்களுக்குத் தொடை உறை சீக்கிரமே தளர்ந்ததைக் கொரிய ஆய்வு ஒன்று 2007இல் பதிவு செய்தது. ஆகவே எந்த மூட்டு வைத்தாலும் வெஸ்டர்ன் டாய்லெட்டும் உயரமான நாற்காலியும் ஆபரேஷனுக்கு முன்பே வீட்டில் தயாராகட்டும். இரண்டு வாரத்துக்குள் 90 டிகிரி மடக்கப் பாருங்கள். ஆறு வாரமாகியும் 90 வரவில்லையென்றால் மயக்க மருந்து கொடுத்து மடக்கிவிட வேண்டிவரலாம். மாதக்கணக்கில் தள்ளிப்போட்டால் உள்ளே தழும்பு இறுகிவிடும்.

நாங்கள் அதிகம் கவலைப்படுவது சைஸைப் பற்றி. நம் பெண்களின் தொடை எலும்பு சிறியது, அகலமும் குறைவு. எலும்பின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரையுள்ள அளவுக்குச் சரியாக எடுத்த உறை பக்கவாட்டில் 3 மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சுற்றியுள்ள சதையை உரசி, எக்ஸ்ரே அழகாக இருந்தும் வலி தீராது. பிளாஸ்டிக்கிலும் இதே கணக்குதான்: 2 மில்லிமீட்டர் தடிமன் கூடினால் கால் முழுசாக நீளாது, குறைந்தால் முட்டி ஆடும். சின்ன சைஸும், அகலம் குறைந்த சைஸும், 1 மில்லிமீட்டர் வித்தியாசத்தில் துண்டுகளும் உள்ள செட் ஆபரேஷன் அன்று தியேட்டரில் இருக்குமா என்று கேளுங்கள். எங்கள் பார்வையில், பூச்சின் நிறத்தைவிட நூறு மடங்கு முக்கியமான கேள்வி இது. செயற்கை மூட்டுகளின் சான்றுகளை எடைபோடும் இங்கிலாந்தின் ‘ஓடெப்’ மதிப்பீட்டில் அந்த மாடலுக்கு என்ன குறி என்றும் கேட்கலாம். குறியில் உள்ள எண், எத்தனை ஆண்டுக்கான சான்று என்பதைக் குறிக்கும்; எழுத்து, சான்றின் தரத்தைக் குறிக்கும். ‘10ஏ’ நட்சத்திரக் குறியோடு இருந்தால் நல்ல சான்று.

சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல், எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 8ஐத் தாண்டி இருந்தால் எந்த வடிவமும் காப்பாற்றாது. கிருமி சேரும் ஆபத்து கூடும். சொத்தைப் பல், காலில் ஆறாத சேற்றுப்புண் இருந்தாலும் முதலில் அதைச் சரிசெய்துகொண்டு வாருங்கள்.

விலைக்கு வரம்பு இருக்கிறது. தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2017 ஆகஸ்டில் கோபால்ட்-குரோமியம் மூட்டின் முழு செட்டுக்கு 54,720 ரூபாய், டைட்டானியம் அல்லது ஆக்சிடைஸ்டு சிர்கோனியம் என்ற வேறு உலோக மூட்டுக்கு 76,600 ரூபாய் என்று உச்ச விலை வைத்தது, ஜிஎஸ்டி தனி. நடப்பு வரம்பை ஆணையத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொண்டு, பில்லில் மூட்டின் விலையைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். ‘பேக்கேஜ்’ என்று ஒற்றைத் தொகை சொன்னால் அதில் மூட்டுக்கு எவ்வளவு என்று கேட்பது உங்கள் உரிமை.

ஒவ்வொரு பாகத்தின் பெட்டியிலும் கம்பெனி பெயர், மாடல் எண், சைஸ், லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) அச்சிட்ட ஸ்டிக்கர் வரும். அதைக் கேஸ் ஷீட்டில் ஒட்டுவோம். ஒரு பிரதியை டிஸ்சார்ஜ் சம்மரியோடு வாங்கி, போனிலும் படம் எடுத்து வையுங்கள். 2021-22இல் ஒரு வெளிநாட்டு நிறுவனம் தன் பிளாஸ்டிக் துண்டுகளைத் திரும்பப் பெற்றது. அவற்றைப் பொதிந்திருந்த பாக்கெட்டில் காற்றைத் தடுக்கும் ஓர் அடுக்கு விடுபட்டதால் அவை ஆக்சிஜன் பட்டுச் சீக்கிரம் தேய்ந்தன. அப்படி அறிவிப்பு வரும்போது உங்கள் மூட்டு அதில் சேருமா என்று சொல்ல அந்த எண்தான் வேண்டும். பல ஆண்டு கழித்து பிளாஸ்டிக் மட்டும் தேய்ந்தால், உலோகத்தைத் தொடாமல் அதை மட்டும் மாற்றிவிடலாம். அதற்கு அதே கம்பெனி, அதே மாடல், அதே சைஸ் துண்டு வேண்டும். ஸ்டிக்கர் இல்லாமல் எக்ஸ்ரேயை மட்டும் பார்த்து அதைக் கண்டுபிடிப்பது கடினம். முடியாவிட்டால் நன்றாகப் பிடித்திருக்கும் உலோகத்தையும் சேர்த்துப் பெயர்த்தெடுக்க வேண்டியிருக்கும்.