அஃபோர்டபிலிட்டின்னா மலிவு இல்லீங்க, கட்டுப்படி

"பெட்ரோல் மலிவுத்தன்மை"ன்னு ஒரு சொல் இப்ப எங்க பாத்தாலும் வருது. எந்த நாட்டுல பெட்ரோல் என்ன விலை, அங்க இருக்கறவன் சம்பளத்துக்கு அது எவ்ளோ பாரம்னு ஒப்பிட்டு பாக்கற செய்திங்க அடிக்கடி வரும், அதுல அஃபோர்டபிலிட்டின்னு, அதாவது ஒரு விலைய வாங்கறவன் வருமானம் தாங்குமாங்கற பொருள்ல, வர்ற இடத்துலெல்லாம் நம்மாளுங்க யோசிக்காம மலிவுத்தன்மைன்னு போட்டுடறாங்க. போன வாரம் கூட ஒரு வீடியோல, நார்வேல பெட்ரோல் விலை இந்தியாவ விட ரொம்ப அதிகம், ஆனா மலிவுத்தன்மைல நார்வே முன்னணின்னு ஒரே மூச்சுல படிச்சாங்க. விலை அதிகம், ஆனா மலிவா? கேக்கறவங்க என்னத்தங்க புரிஞ்சுக்குவாங்க? செய்தி தப்பில்ல, அத சொன்ன சொல்லுதான் தப்பு.

வேர் கதைய சுருக்கமா சொல்லிடறேன். அஃபோர்டுங்கற வினை பழைய இங்கிலீஷ்ல முன்னால கொண்டுபோறது, செஞ்சு முடிக்கறதுங்கற பொருள்ல இருந்துச்சு. அப்புறம் ஒரு காரியத்த சமாளிக்க வசதி இருக்கறதுன்னு ஆகி, கடைசில காசு விஷயத்துல நின்னுடுச்சு. இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணுதான். அந்த சொல்லுல பொருள் மட்டும் இல்ல, அத வாங்கற ஆளும் இருக்கான், ரெண்டுத்துக்கும் நடுவுல உள்ள உறவுதான் அஃபோர்டபிலிட்டி.

மலிவுங்கறது அப்படி இல்ல. மலின்னா நெறைய இருக்கறது, பெருகறது. ஊழல் மலிஞ்சு போச்சு, பிழை மலிஞ்ச புத்தகம்னு இன்னிக்கும் சொல்றோமே அதே மலிதான். சரக்கு பெருகினா விலை எறங்கும், அதனால மலிவுன்னா விலை கொறைவுன்னு ஆச்சு. மலிஞ்சா கடைத்தெருவுக்கு வரும்னு பழமொழியே இருக்கு. ஆக மலிவுங்கறது சந்தையோட நெலம. வாங்கறவன் பையில பத்து ரூபா இருக்கா, பத்தாயிரம் இருக்கான்னு அந்த சொல்லுக்கு தெரியாது. மேட்டுப்பாளையம் மண்டில கேரட்டு மலிவுன்னா அது எல்லாருக்கும் மலிவுதான். ஆனா ஒரு விலை கலெக்டருக்கு கட்டும், தேயிலைக் கொழுந்து கிள்ளற அக்காவுக்கு கட்டாதுன்னா அந்த வித்தியாசத்த சொல்ல மலிவால முடியாது.

பெட்ரோல் கணக்கையே எடுத்துக்குவோம். நைஜீரியாவுல 2023 மே கடைசில பெட்ரோல் மானியத்த எடுத்தாங்க. லிட்டர் 200 நைராவுக்கு கீழ இருந்தது ஒரேடியா 500 பக்கம் போச்சு, 2024 முடியறப்ப ஏறக்குறைய 1,000 நைரா. அந்த ஊரு பணமும் விழுந்துட்டதால நம்ம காசுக்கு மாத்தினா அது 50, 55 ரூபாதான். நம்மூர்ல அப்ப 100 ரூபாய்க்கு மேல, ஊட்டி குன்னூர் பங்க்ல சென்னைய விட இன்னும் கொஞ்சம் கூட. அப்ப நைஜீரியாவுல பெட்ரோல் மலிவா? உலக விலைப் பட்டியல வெச்சு பாத்தா மலிவுதான், நானே ஒத்துக்கறேன். ஆனா அங்க 2024 ஜூலைல சட்டப்படி கொறஞ்சபட்ச மாசச் சம்பளமே 70,000 நைராதான் ஆச்சு, அதுக்கு முந்தி 30,000. முழுச் சம்பளத்தையும் பங்க்ல குடுத்தாலும் 70 லிட்டர்தான் வரும், ஒரு நாள் உழைப்புக்கு மூணு லிட்டர் கூட வராது. இங்க 2024-25ல நூறு நாள் வேலைக்கு தமிழ்நாட்டுல நாள் கூலி 319 ரூபா, அதுவும் மூணு லிட்டர் சொச்சம்தான். விலை அங்க பாதி, ஆனா பாரம் ஏறக்குறைய அதே பாரம். நார்வேல 2024ல லிட்டர் 20 குரோனருக்கு மேல, நம்ம காசுல 170 ரூபா பக்கம் இருந்துச்சு. அங்க சராசரி மாசச் சம்பளம் 50,000 குரோனருக்கு மேல, அதுல 2,000 லிட்டருக்கு மேல வாங்கலாம். எண்ணெய் எடுக்கற நாடா இருந்தும் வரிய நல்லா போட்டு விலைய ஒசத்தியே வெச்சிருக்காங்க, ஆனாலும் அவனுக்கு அது வலிக்காது.

இந்த மூணு நாட்டையும் விலைப்படி வரிசைல வெச்சா நைஜீரியா மொதல்ல, நார்வே கடைசில. சம்பளத்தோட சேத்து வெச்சா வரிசை அப்படியே தலைகீழா ஆகுது. இந்த தலைகீழ சொல்லத்தான் அஃபோர்டபிலிட்டின்னு ஒரு சொல் வேண்டியிருக்கு. அந்த எடத்துல போய் மலிவுன்னு போட்டா எந்த வரிசைய சொல்றாங்கன்னே தெரியாம போயிடுது.

கொஞ்சம் படிச்சவங்க இன்னொரு சொல் வெச்சிருக்காங்க, வாங்குதிறன். மலிவுக்கு இது தேவலாம், ஆனா இதுவும் ஒட்டாது. வாங்கும் திறன்னு பொருளாதாரத்துல ஏற்கெனவே ஒரு வேலைக்கு வெச்சாச்சு, பர்ச்சேஸிங் பவருக்கு. குஸ்தாவ் காசெல்ங்கற சுவீடன் நாட்டு பொருளாதார அறிஞர் 1918ல பேர் வெச்ச பர்ச்சேஸிங் பவர் பாரிட்டிய, அதாவது ஒரே சரக்கு ரெண்டு நாட்டுல என்ன விலைன்னு பாத்து பணத்த ஒப்பிடற முறைய, வாங்கும் திறன் சமநிலைன்னு பாடப்புத்தகத்துல படிக்கிறோம். அதுவும் இதே ஒப்பீட்டுக்குள்ள வந்துபோற சொல். ஒரே கட்டுரைல "வாங்கும் திறன் சமநிலைப்படி பார்த்தால் பெட்ரோலின் வாங்குதிறன் குறைவு"ன்னு வந்தா படிக்கறவன் கதி என்ன? அதோட திறன் இருக்கறது ஆளுகிட்ட. பெட்ரோலுக்கு எங்க இருந்து திறன் வரும்? வாங்கத்தக்க விலைன்னு சிலர் எழுதறாங்க, அது பரவால்ல, அர்த்தம் தப்பில்ல, ஆனா வாங்கத்தக்கன்னா வாங்கறதுக்கு தகுதியான பொருள்னும் ஆகுது, தரத்த சொல்றாங்களோன்னு தோணும். கூடலூர் தாண்டி அந்தப் பக்கம் போனா மலையாளத்துல தாங்ஙாவுன்ன விலைன்னு சொல்லுவாங்க, கன்னடத்துல கைகெடுகுவ பெலென்னு, அதாவது கைக்கு எட்டற விலை. ரெண்டுமே ஆள உள்ள வெச்சுத்தான் பேசுது, பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு தோணினது நமக்கு ஏன் தோணாம போச்சுன்னு ஆதங்கமா இருக்கு.

தோணாமலும் இல்ல, நம்ம வாய்லயே இருக்கு. கட்டுப்படி.

எங்க நீலகிரி மலைல இந்தச் சொல் இல்லாம ஒரு நாள் போகாது. கேத்தி பக்கம் ஒருத்தர் கேரட்டு போட்டிருக்காருன்னு வெச்சுக்குவோம். பறிக்கற கூலி, மிஷின்ல போட்டு கழுவற கூலி, சாக்கு, ஏத்துக்கூலி, பிக்கப் வண்டி வாடகை, மண்டி கமிஷன் எல்லாம் போக மூட்டைக்கு என்ன நிக்குதுன்னு பாத்துட்டு "இந்த ரேட்டுக்கு பறிச்சா கட்டுப்படியாகாது, விட்டுடு"ம்பாரு. டீசல் விலை ஏறினா வண்டிக்காரர் அதே சொல்லத்தான் சொல்லுவாரு, "பழைய வாடகைக்கு கட்டுப்படியாகாதுண்ணே, எறங்கறப்ப சும்மா வந்துடும், காலி வண்டிய மேல ஏத்தறதுக்குத்தான் எண்ணெ குடிக்குது"ன்னு. வண்டிக்காரர் வாங்கறவரு, கேரட்டுக்காரர் விக்கறவரு, ரெண்டு பேருக்கும் ஒரே சொல் பொருந்துது பாருங்க. கட்டுன்னா இங்க தாங்கறது, ஒத்துவர்றது, "அந்த விலைக்கு நமக்கு கட்டாது"ன்னு தனியாவும் வரும்.  சுத்தமான தமிழ்ச் சொல், தனித்தமிழ்க்காரங்களும் கொறை சொல்ல எடமில்ல.

ஆனா சிலர் வேற கொறை சொல்றாங்க. அது விக்கறவன் சொல்லாச்சே, பசுந்தேயிலைக்கு கட்டுப்படியான விலை வேணும்னு விவசாயிங்க கேக்கறதுதானே, அத எப்படி பெட்ரோல் வாங்கறவனுக்கு சொல்றதுங்கறாங்க. நீலகிரி சிறு தேயிலை விவசாயிங்க பல வருஷமா இந்த சொல்ல வெச்சுத்தான் போராடறாங்க, 2023ல உண்ணாவிரதம் வரைக்கும் போனாங்க. அங்க அவங்க கேக்கறது என்ன? இலை விலைய எங்க செலவோட, எங்க பொழப்போட வெச்சுப் பாருங்கன்னுதான். விலைய ஒரு மனுஷனோட நெலமையில வெச்சு அளக்கறதுதான் கட்டுப்படி, அந்த மனுஷன் எந்தப் பக்கம் நின்னா என்ன? கடையில போய் சேலை எடுக்கறப்ப "நமக்கு கட்டுப்படியாகற மாதிரி ஒண்ணு காட்டுங்க"ன்னு எங்கம்மா கேக்கறது வாங்கறவங்க சொல் இல்லையா? இத விக்கறவன் சொல்னு ஒதுக்கறவங்க வீட்டுல யாரும் கடைக்கு போறதே இல்லையான்னு தெரியல.

இன்னொரு கொறை, கட்டுப்பாடோட கொழம்பிடும்ங்கறது. பெட்ரோல் விலைக் கட்டுப்பாடுன்னா அரசாங்கம் விலைய கைல வெச்சிருக்கறது, அத பெட்ரோலுக்கு 2010 ஜூன்லயும் டீசலுக்கு 2014 அக்டோபர்லயும் எடுத்துட்டாங்க, 2017 ஜூன்ல இருந்து தெனமும் விலை மாத்தறதுன்னும் வந்துச்சு. கட்டுப்பாடு போனதால கட்டுப்படியாகாம போச்சுன்னு எழுதிப் பாருங்க, ஏதாவது கொழப்பம் வருதா? எனக்கு வரல. இன்னும் சிலர் கட்டுப்படி பெயர்ச்சொல்லா நிக்காது, தன்மைன்னு ஒட்டணும்ங்கறாங்க. வேணாம்ங்க. கட்டுப்படியே பெயர்ச்சொல்தான், கட்டுப்படிக் குறியீடு, எரிபொருள் கட்டுப்படின்னு தாராளமா நிக்கும். எதுக்கெடுத்தாலும் தன்மைய ஒட்டற பழக்கத்த மொதல்ல விடணும்.

இந்தச் சொல்ல எழுதாததுக்கு உண்மையான காரணம் வேறன்னு நெனைக்கிறேன். கட்டுப்படிங்கறது சந்தைல பேசற சொல், அது எழுத்துக்கு ஆகாதுன்னு ஒரு நெனப்பு. அகராதில மொதல்ல என்ன வருதோ, இல்ல மொழிபெயர்ப்பு மிஷின் என்ன துப்புதோ அத எடுத்துக்கறாங்க, ஏன்னா அது எழுத்து மாதிரி இருக்கு. அமெரிக்காவுல 2010ல ஒபாமா கொண்டுவந்த அஃபோர்டபிள் கேர் ஆக்ட்ங்கற மருத்துவக் காப்பீட்டு சட்டத்த "மலிவு பராமரிப்புச் சட்டம்"னு எழுதறது இப்படி வந்ததுதான், என்னவோ கொறஞ்ச தரத்துல வைத்தியம் பாக்கற சட்டம் மாதிரி. இதே ஆளுங்கதான் அமெரிக்கால பெட்ரோல கேஸ்னு சொல்றாங்கன்னு தெரியாம "எரிவாயு விலை கேலனுக்கு 5 டாலரைத் தாண்டியது"ன்னு 2022ல எழுதினாங்க. படிச்சவங்க சமையல் சிலிண்டர்னு நெனச்சாங்க. கேலன்னா ஏறக்குறைய மூணே முக்கா லிட்டர்னு ஒரு வரி சேக்கறதும் கிடையாது. அங்க மத்திய அரசு வெச்ச கொறஞ்சபட்ச கூலி 2009ல இருந்து மணிக்கு ஏழே கால் டாலர்தான், அந்த 5 டாலர் விலைக்கு ஒரு மணி நேர கூலில அஞ்சரை லிட்டர் வந்திருக்கும். நம்ம நாள் கூலியோட பக்கத்துல வெச்சா இது என்ன செய்தின்னு படிக்கறவனுக்கு பளிச்சுனு புரியும். அந்தக் கணக்க போடறவங்களுக்கு சரியான சொல் தானா வாய்ல வரும், போடாதவங்களுக்குத்தான் மலிவுத்தன்மை வருது.

இங்க ஒரு விஷயத்த பிரிச்சு சொல்லணும். சில பட்டியல்ல ஒரு நாள் வருமானத்துல ஒரு லிட்டர் எத்தனை பங்குன்னு பாப்பாங்க, சிலதுல ஒரு ஆளு வருஷ வருமானத்துல எத்தனை பங்க பெட்ரோலுக்கு செலவு பண்றான்னு பாப்பாங்க. ரெண்டாவது கணக்குல ஏழை நாடு நல்லா இருக்கற மாதிரி தெரியும், ஏன்னா அங்க வண்டி வெச்சிருக்கறவங்களே கொறைவு, கட்டுப்படியாகாம நடந்து போறவன் பெட்ரோலுக்கு செலவே பண்ண மாட்டான். மொதல் கணக்குக்கு கட்டுப்படின்னும் ரெண்டாவதுக்கு செலவுப் பங்குன்னும் தனித்தனியா பேர் வெச்சு எழுதுங்க. "நைஜீரியாவில் பெட்ரோல் மலிவு, ஆனால் கட்டுப்படியாகாது, நார்வேயில் மலிவில்லை, ஆனால் கட்டுப்படியாகும்"னு எழுதினா கோத்தகிரி பஸ் ஸ்டாண்ட்ல பேப்பர் படிக்கறவருக்கும் புரியும், பரீட்சைக்கு படிக்கற புள்ளைக்கும் புரியும்.